ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கி ஒரு லட்டு

கோடை விடுமுறையின் நண்பகல் வேளைகளில் மல்லேஸ்வரத்து வீடுகளுக்குள் ஒருவித அமைதி வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டாம் குறுக்குத் தெருவின் பூக்கடைகளில் தண்ணீர் தெளித்த சாக்குகளைப் போர்த்திவிட்டு வியாபாரிகள் கண்ணயர்வர். சம்பிகே சாலையின் வாகன ஓசைகூடச் சற்றே தணியும். அத்தகைய ஒரு பிற்பகலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் போர் நடந்துகொண்டிருந்தது. பாலைவனத்து மணலுக்கு அடியில் புதைந்திருந்த பொன் நகரம் ஒன்று திறந்துகொள்ள, சாகாவரம் பெற்ற அசுரன் ஒருவன் கொக்கரித்துக்கொண்டிருந்தான். எட்டு வயதுப் பேரன் சோபாவின் விளிம்பில் அமர்ந்திருந்தான். கையிலிருந்த முறுக்கு வாய்வரை சென்று பாதி வழியில் நின்றிருந்தது.

படத்தின் பெயர் 'சோட்டா பீம் அண்டு த கர்ஸ் ஆஃப் தம்யான்'. ஐதராபாத்தின் கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனம் உருவாக்கி, ராஜீவ் சிலகா இயக்கி, 2012ஆம் ஆண்டு மே மாதம் திரைக்கு வந்த அசைவூட்டப் படம் அது. தொலைக்காட்சியிலேயே வாழ்ந்துவந்த சோட்டா பீம் முதன்முதலாகத் திரையரங்குக்குள் காலடி வைத்தது அந்தப் படத்தில்தான். கதை எளியது. சோனாப்பூர் என்னும் பொன் நகரத்தைத் தேடி டோலக்பூரின் மன்னர் இந்திரவர்மரும் மக்களும் செல்கின்றனர். அந்நகருக்குள் சாபத்தால் சிறைப்பட்டிருந்த தம்யான் விடுபடுகிறான். சாகாவரம் பெற்றவனைக் கொல்ல இயலாது. ஆகவே, பீமனும் நண்பர்களும் ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, அவன் அந்த வரத்தைப் பெறுவதற்கு முன்னரே அவனைத் தடுத்தாக வேண்டும்.

படம் முடிந்தது. பேரன் முறுக்கைக் கடித்தான். பிறகு என்னைப் பார்த்து, "தாத்தா, போன வருஷத்துக்கு முந்தைய வருஷத்துக்குப் போக முடியுமா? ஆயிரம் வருஷமெல்லாம் வேண்டாம்" என்றான்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. சென்ற ஆண்டுதான் என் மனைவி காலமானாள். அக்கம்பக்கத்துக் கன்னடக் குழந்தைகளோடு பழகியதால் அவன் அவளை 'அஜ்ஜி' என்றே அழைப்பான். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணிபுரிந்தவன் அவ்வளவு எளிதில் வாக்குறுதி கொடுத்துவிட மாட்டான்.

ஆனால், யோசிக்கத்தான் செய்தேன். பேரனின் கேள்விக்கு விடை தேடப் போய், சிறுவர் படங்கள் என்று நாம் ஒதுக்கிவிடும் இந்தப் படங்களுக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்டேன்.

முதலில் பீமனைப் பற்றி. 2001இல் தொடங்கப்பட்ட அந்த ஐதராபாத் நிறுவனம், 2008இல் போகோ தொலைக்காட்சியில் சோட்டா பீம் தொடரைத் தந்தது. மகாபாரதத்துப் பீமனின் பெயரும் பலமும் மட்டுமே இவனுக்கு உண்டு. மற்றபடி இவன் டோலக்பூர் என்னும் கற்பனை நாட்டுச் சிறுவன். மேலைநாட்டு மாவீரர்களுக்குச் சிலந்திக் கடியும் வேற்றுக்கோள் பிறப்பும் வலிமை தருகின்றன, இவனுக்கோ லட்டு. துன்துன் மௌசியின் கடையில் திருடியோ கேட்டோ வாங்கிய ஒரு லட்டைத் தின்றால் போதும், மலையையும் புரட்டுவான். நம் ஊர்க் குழந்தைக்கு இதைவிட எளிதாய் விளங்கக்கூடிய ஆற்றல் மூலம் வேறு இல்லை என்றே தோன்றுகிறது. மேலும் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர் அந்த நாட்டில் யாருமில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பீமனுக்கு வயது ஒன்பது. 2008இலும் ஒன்பது, இன்றும் ஒன்பது. தொடக்க நாள்களில் அவனைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் இன்று சம்பளக் கணக்கு தொடங்கி வீட்டுக்கடன் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பேரன் அடுத்த ஆண்டு பீமனின் வயதை எட்டிவிடுவான். அதற்கு அடுத்த ஆண்டு அவனைக் கடந்துவிடுவான். அனிமேஷன் படங்களில் உண்மையான காலப்பயணம் இதுதானோ என்னவோ. திரையில் இருப்பவன் நின்றுவிடுகிறான். பார்ப்பவன் போய்க்கொண்டே இருக்கிறான். 2024இல் இதே தம்யான் கதையை நடிகர்களை வைத்து மீண்டும் எடுத்தார்கள். அதில் குரு சம்புவாக அனுபம் கேர் நடித்தார். ஆனால், நடிக்கும் சிறுவனுக்கு மீசை அரும்பிவிடும். வரைந்த சிறுவனுக்கு அந்தச் சங்கடம் கிடையாது.

காலப்பயணக் கதைகளுக்கு அசைவூட்டம் ஏன் இவ்வளவு பொருந்திவருகிறது என்பதற்குக் கணக்குப்பிள்ளைக் காரணம் ஒன்றும் உண்டு. நடிகர்களை வைத்துப் படமெடுப்பவர் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நகரத்தைக் காட்ட வேண்டுமானால் அரங்கு கட்ட வேண்டும். அதே நகரத்தைப் பாழடைந்த நிலையில் காட்ட இன்னோர் அரங்கு வேண்டும். ஓவியருக்கோ பொன்மாடமும் இடிபாடும் ஏறத்தாழ ஒரே செலவு. ஆனாலும், வேலை குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600 சட்டகங்கள். ஒரே படத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்துவது, கை கால் தலை ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வரைந்து கணினியில் இணைத்து அசைப்பது என்று உழைப்பைக் குறைக்கும் உத்திகள் பல. அப்படியும் பெயர்ப்பட்டியல் முடிய நீண்ட நேரமாகிறது. பேரன் பெயர்ப்பட்டியல் ஓடும்போதே எழுந்து போய்விடுவான். நான் இப்போதெல்லாம் இருந்து பார்க்கிறேன்.

இனிப் படத்தின் தர்க்கத்துக்கு வருவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம்யானை வீழ்த்திவிட்டால், அவன் சோனாப்பூரில் சிறைப்பட்டிருக்க மாட்டான். அவன் சிறைப்படாவிட்டால், டோலக்பூர் மக்கள் அவனை விடுவித்திருக்க மாட்டார்கள். அவர்கள் விடுவிக்காவிட்டால், பீமன் பின்னோக்கிச் செல்லவேண்டிய தேவையே எழுந்திராது. செல்லாவிட்டால் தம்யானை வீழ்த்தியது யார்? இதையொத்த புதிர் ஒன்றுக்கு அறிவியலாரும் தத்துவ அறிஞரும் இட்டிருக்கும் பெயர் 'தாத்தா முரண்'. கடந்த காலத்துக்குச் சென்று, தன் தாத்தாவை அவருக்குத் திருமணம் ஆவதற்கு முன்பே கொன்றுவிடும் பேரன் எப்படிப் பிறந்திருப்பான் என்பது கேள்வி. இத்தனை உறவுகள் இருக்க, பலியாவதற்குத் தாத்தாவைத் தேர்ந்தெடுத்த அறிஞர்கள்மீது எனக்குச் சிறிது வருத்தமுண்டு. இந்தப் புதிரை நான் பேரனிடம் சொல்லவில்லை.

அன்றிரவு அவன் உறங்கிய பின், மகனின் பரிந்துரையில் 2013இல் வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக்: த ஃப்ளாஷ்பாயிண்ட் பாரடாக்ஸ்' என்னும் அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். வன்முறை மிகுந்த படம், சிறுவர்க்கு உகந்ததன்று. ஆனால், பேரன் கேட்ட கேள்விதான் அதன் கதை. ஃப்ளாஷ் எனப்படும் பாரி ஆலன் மின்னல் வேகத்தில் ஓட வல்லவன். அவன் சிறுவனாய் இருந்தபோது தாய் கொலையுண்டாள். ஒருநாள் கண்விழித்துப் பார்க்கிறான்: தாய் உயிரோடு இருக்கிறாள். ஆனால், உலகம் வேறாகிக் கிடக்கிறது. நண்பர்களாயிருந்த மாவீரர்கள் ஒருவரை ஒருவர் அழிக்கும் போரில் இறங்கியிருக்கிறார்கள். நகரங்கள் மூழ்கிவிட்டன. பேட்மேனின் கதையோ தலைகீழாகிவிட்டது: பெற்றோரை இழந்த மகன் முகமூடி அணிந்தது போய், மகனை இழந்த தந்தை அணிந்திருக்கிறார். இத்தனைக்கும் காரணம் யார் என்று தேடிச் சென்றவன், தானே கடந்த காலத்துக்கு ஓடித் தாயைக் காப்பாற்றியிருக்கிறான் என்பதை இறுதியில்தான் அறிகிறான். மீண்டும் ஓடிச்சென்று, தன்னைத் தானே தடுத்து நிறுத்தவேண்டியதாகிறது.

திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு கடிதம் இருக்கிறது. அழிந்துபோன அந்த உலகத்துத் தந்தை, இந்த உலகத்து மகனுக்கு எழுதியது. அதைப் பேட்மேனிடம் கொடுக்கிறான். அவன் படிக்கிறான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குச் சென்று தண்ணீர் குடித்தேன்.

நம் புராணங்களில் இந்தப் பின்னோக்கிய பயணம் என் நினைவுக்கு எட்டியவரை இல்லை. முன்னோக்கிச் சென்றவர்கள் உண்டு. பாகவதமும் விஷ்ணு புராணமும் சொல்லும் ரைவதன் கதை அத்தகையது. ககுத்மி என்றும் பெயர்கொண்ட அந்த அரசன், தன் மகள் ரேவதிக்குத் தக்க மணமகனைக் கேட்டறிய அவளையும் அழைத்துக்கொண்டு பிரமலோகம் செல்கிறான். அங்கே கந்தர்வர் இசை நடந்துகொண்டிருக்கிறது. சற்றே காத்திருந்து, பாட்டு முடிந்ததும், தான் மனத்தில் வைத்திருந்த மணமகன்களின் பெயர்களைச் சொல்கிறான். பிரமன் நகைக்கிறார்: நீ காத்திருந்த நேரத்தில் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன, நீ சொன்னவர்கள் மட்டுமல்லர், அவர்களின் கொள்ளுப்பேரர்களின் பெயர்களும் இன்று யார் நினைவிலும் இல்லை. பின்னர் அவர் அறிவுரைப்படி ரேவதி பலராமனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். பழைய யுகத்துப் பெண்ணாதலால் அவள் மிக உயரமாக இருந்தாள் என்றும், பலராமன் தன் கலப்பையின் நுனியால் அவள் உயரத்தைக் குறைத்தான் என்றும் விஷ்ணு புராணம் கூறும். எந்த மகா அனிமேஷன் படத்துக்கும் குறையாத காட்சி அது. யாராவது எடுக்க வேண்டும்.

அறிவியலும் ரைவதன் பக்கமே நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. காலை நடைக்கு அதன் மரநிழல்களில் செல்லும் நண்பர்களிடம் கேட்டதில் எல்லாரும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்: முன்னோக்கிச் செல்வது கோட்பாட்டளவில் மட்டுமன்று, நாள்தோறும் நடப்பது. ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டின்படி, வேகத்துக்கும் ஈர்ப்புவிசைக்கும் ஏற்பக் கடிகாரங்கள் ஓடும் விரைவு மாறுபடும். கைபேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன. இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் இருப்பிடக் கணிப்பு சுமார் 10 கிலோமீட்டர் தவறிவிடும். ஆக, எதிர்காலத்தை நோக்கிய சாலை திறந்தே இருக்கிறது. பின்னோக்கிச் செல்வதற்கோ இதுவரை எவரும் வழி கண்டதில்லை.

தென்னகத் திரையுலகில் இவ்விரு துறைகளையும் தொட்டவர் சிங்கீதம் சீனிவாச ராவ். 1991இல் அவர் இயக்கிய 'ஆதித்யா 369' என்னும் தெலுங்குப் படத்தில் நாயகன் கால இயந்திரத்தில் ஏறி 1526ஆம் ஆண்டு விஜயநகரத்துக்கும், பிறகு 2504ஆம் ஆண்டுக்கும் போய்வருவான். கிருஷ்ணதேவராயரின் அவையும் தெனாலிராமனும் வரும் அப்படத்துக்கு இசை இளையராஜா. அதே இயக்குநர், சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் நிறுவனத்துக்காக 2003இல் 'சன் ஆஃப் அலாவுதீன்', பிறகு வேறு நிறுவனத்துக்காக 2008இல் 'கடோத்கஜ்' என அனிமேஷன் படங்களையும் எடுத்தார். பென்டாமீடியாவின் 'பாண்டவாஸ்' சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. மனிதரின் அசைவுகளைப் பதிவுசெய்து முழுநீளக் கணினிப் படமாக்கும் முறையிலும் அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே 'சிந்துபாத்' படத்தின் வழியே உலக அளவில் முன்நின்றது. அக்காலத்தில் பங்குச் சந்தையைக் கவனித்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்தாலும் நினைவிருக்கும். 2000ஆம் ஆண்டின் ஏற்றத்தில் உச்சிக்குச் சென்று, அடுத்த ஆண்டின் வீழ்ச்சியில் சரிந்த பங்குகளில் அதுவும் ஒன்று. இன்னும் ஓராண்டு பின்னோக்கிச் செல்ல முடிந்தால் என்று அப்போது ஏங்கியவர்கள் சிறுவர்கள் அல்லர்.

பெங்களூரின் கதையும் அத்தகைய ஏற்ற இறக்கம் கொண்டதே. அனிமேஷன் துறைக்கென்று தனிக் கொள்கையை 2012இல் அறிவித்த மாநிலம் கர்நாடகம். 'புஸ் இன் பூட்ஸ்' போன்ற ஹாலிவுட் படங்களின் காட்சிகள் பல இந்நகரத்து ஓவியர்களின் கைவண்ணம். ஆனால், 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, இங்கும் மும்பையிலுமாக ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலை இழந்தனர். எங்கள் தெருவிலேயே அத்தகைய இளைஞர் ஒருவர் இருந்தார். வாடகை வீட்டைக் காலிசெய்து சொந்த ஊருக்குச் செல்லும் முன் விடைபெற வந்தவர், பேரனின் நோட்டுப் புத்தகத்தில் பறவை ஒன்று சிறகடிப்பதைப் பன்னிரண்டு பக்க ஓரங்களில் வரைந்து கொடுத்துவிட்டுச் சென்றார். பக்கங்களை வேகமாகப் புரட்டினால் பறவை எழும். பின்னிருந்து புரட்டினால் வந்து அமரும். பேரன் பெரும்பாலும் பின்னிருந்தே புரட்டுகிறான்.

அடுத்த ஞாயிறு மாலை அவனைக் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். காடு என்பது கன்னடத்திலும் காடுதான். ஊருக்குப் பெயர் தந்த இறைவன் காட்டில் இருந்தவர். 1898ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு நெரிசல் மிகுந்த பழைய நகரிலிருந்து மக்களைக் குடியேற்றவே மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடு அமைக்கப்பட்டன. கோயிலோ அதற்கும் முந்தையது. 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, மல்லபுரத்து மல்லிகார்ச்சுனர் கோயிலுக்கு ஒரு கிராமம் கொடையாக வழங்கப்பட்டதைக் கூறுகிறது. வழங்கியவர் ஏகோஜி, அதாவது சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான வெங்கோஜி. சில ஆண்டுகள் கழித்துத் தஞ்சையைக் கைப்பற்றி, அங்கே மராட்டியர் ஆட்சியைத் தொடங்கிவைத்தவர் அவரே. என் மனைவி தஞ்சாவூர்க்காரி. புதுமணப்பெண்ணாக இவ்வூருக்கு வந்த நாளில் இந்தச் செய்தியைச் சொன்னபோது, "அவர் இங்கிருந்து அங்கே போனார்; நான் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறேன், கணக்குச் சரியாகிவிட்டது" என்றாள்.

கோயிலுக்கு எதிரே நந்தி தீர்த்தம். நெடுங்காலம் மண்மூடிக் கிடந்து, 1997இல் தோண்டியபோது வெளிப்பட்ட கோயில் அது. படிகளில் இறங்கினால் குளமும், அதன் மேற்புறத்தில் நந்தியின் வாயிலிருந்து இலிங்கத்தின்மீது இடைவிடாது விழும் நீரும் தெரியும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பது பற்றிப் பலரும் பலவாறு சொல்வர். பேரன் படியிலேயே நின்றுவிட்டான். "சோனாப்பூர் மாதிரியே மண்ணுக்குள்ளே இருந்ததா?" என்றான். ஆம் என்றேன். "மேலே ஜனங்கள் நடந்துகொண்டே இருந்தார்களா?" அதற்கும் ஆம் என்றேன். நானே நடந்திருக்கிறேன், அவன் பாட்டியும் நடந்திருக்கிறாள். நீர் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான். பொன் ஏதும் கிடைத்ததா என்று கேட்பான் என எதிர்பார்த்தேன், கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தேன். அவனுக்கு ஆறு வயதானபோது, 2023இல், அவன் பாட்டி தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை அவன் பெயரில் பத்தாண்டு வைப்பாக இட்டிருந்தாள். அப்போதே அவளுக்கு உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. பத்தாண்டு நெடிது, ஐந்து போதாதா என்று வங்கிக்காரனாகிய நான்தான் கேட்டேன். அவள் படிவத்தில் பத்து என்றே எழுதினாள். ஆண்டுக்கு ஏழு விழுக்காடு, காலாண்டுக் கூட்டுவட்டி என்று கொண்டால், பத்தாண்டில் அது ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆகும். இது வாசகர்கள் அறிந்த கணக்குதான்.

ரசீதைப் பேரனிடம் காட்டினேன். வைப்பு நாள், முதிர்வு நாள் என்று இரு தேதிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். படிவத்தின் நகலில் இருந்த அவளது கையெழுத்தையும் படித்தான். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய வட்ட எழுத்து.

"2033இல் எனக்கு என்ன வயது?"

"பதினாறு."

"அஜ்ஜி அந்த வருஷத்துக்கு இதை அனுப்பினாளா?"

"ஆமாம்."

"அஜ்ஜிக்குத் தெரியுமா, அப்போது தான் இருக்க மாட்டோம் என்று?"

தெரிந்திருக்கலாம் என்றேன். அவன் ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். அங்கே விதிமுறைகள் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன.

"இப்போதே எடுத்தால்?"

"வட்டி குறையும்" என்றேன், பழக்கத்தால்.

சிறிது நேரம் யோசித்தான். பிறகு காகிதத்தைக் கோப்புக்குள் மெல்லச் செருகி என்னிடம் நீட்டிவிட்டு, லட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சமையலறைக்குள் போனான்.